உளியின் விலை

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கடிதம் விடுத்தபோது, எதனை எழுதுவதென்று நாம் பல நாள் மயங்கியிருந்தோம். எமக்குக் கற்பித்த ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றி எழுதுவதற்கு எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். கிரிக்கெட் ஆட்டங்களின் பெருமையை எடுத்துரைப்பார்க்கும் குறைவில்லை. நாமோ எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்று கைதட்டியதன்றி வேறொன்றும் அறியோம். ஆயினும் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஓட்டுக் கூரையிட்ட தச்சுவேலைக் கூடம் ஒன்று இருந்ததும், அங்கே வாரத்துக்கு இரு பாடவேளை பனஞ்சலாகையோடு மல்லாடிக் கைகளில் சிராய் ஏற்றிக்கொண்டு நாம் வீடு திரும்பியதும் எம் காலத்து மாணவர் சிலருக்கேனும் நினைவிருக்கும். அவர்களை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட விடயம் மிகச் சிறியது. விலையுயர்ந்த தச்சுக் கருவிகளை வாங்குதல் தகுமா, அன்றி மலிவானவையே போதுமா என்பதுதான் அது. சிறியதேயாயினும் அதன் பொருட்டு ஒரு சிறுவனின் விரல் போயிற்று. போனது எம்மால். ஆதலின் வாசகர் சிறிது பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே, மழை சற்று விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், இளைஞன் ஒருவன் தலவாக்கலையில் உள்ள எமது வீட்டு வாயிலில் வந்து நின்றான். மொரட்டுவையில் தளபாடம் செய்யும் பட்டறையொன்றில் ஐந்தாண்டு வேலை பழகித் திரும்பியவன். நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியோரத்தில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தான். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அவனுடைய தாயார், தமது ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாவை அவன் கையில் கொடுத்திருந்தார். அவன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பளபளவென்று ஒளிவிடும் அமெரிக்கச் சீவுளி ஒன்று அதில் இருந்தது. (தமிழகத்தார் இதனை இழைப்புளி என்பர், எமக்குச் சீவுளியே வாயில் வருகிறது.)

“சேர், இதை ஒண்டு வாங்கவா, இல்லாட்டி மலிவுச் சாமான் முழு செட்டும் வாங்கவா?” என்று கேட்டான்.

நாம் உடனே விடை கூறவில்லை. அவன் யாருடைய மகன் என்பதை நாம் அறிந்திருந்தோம்.

1969 ஆம் ஆண்டிலே ஆசிரியப் பணியேற்று நாம் தலவாக்கலைக்கு வந்தோம். வெயிலிலே பிறந்து வளர்ந்த எமக்கு அவ்வூரின் குளிரும் மூடுபனியும் முதலாண்டில் பெருந் துன்பமாயிருந்தன. மாலை நான்கு மணிக்குப் பின் செய்வதற்கொன்றுமில்லை. அருகிலிருந்த தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையை அடுத்துத் தச்சுக் கொட்டகை ஒன்று இருந்தது. வேலையோசை கேட்டு ஒரு நாள் அங்கே போய் நின்றோம், மறுநாளும் போனோம், பின்னர் போகாத நாளில்லை.

அங்கிருந்த ஆசாரியார் அப்போது ஐம்பது வயதைக் கடந்தவர். லயத்துக் கதவு முதல் துரை பங்களாவின் சாப்பாட்டு மேசை வரை தோட்டத்து மரவேலை யாவும் அவர் கைப்பட்டவையே. அக்காலத்தில் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கொழும்புக்குச் சென்றது. ஓரங்களில் தகரப்பட்டி அடித்து, உள்ளே ஈயத்தாள் பரப்பிய அப்பெட்டிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவருடைய மேற்பார்வையிலே நடந்தன. இன்று தேயிலை காகிதச் சாக்குகளிலே போகின்றது. பழைய பெட்டிப் பலகைகளோ இன்றும் சில லயங்களில் காம்பராவைத் தடுக்கும் மறைப்பாக நிற்கக் காணலாம்.

அவரிடம் இருந்த உளிகள் ஒன்பது. அவற்றுள் ஆறு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தில் செய்யப்பட்டவை. மூன்று உள்ளூர்க் கொல்லர் அடித்தவை. ஷெபீல்ட் உளிகளுள் ஒன்று கல்லில் தேய்ந்து தேய்ந்து முக்கால் சாணிலிருந்து மூன்று விரற்கடையாகக் குறுகியிருந்தது. அதனை அவர் எறியவில்லை. பிணைச்சல் பதிக்கும் ஆழமில்லாத வெட்டுகளுக்கு அதுவே வசதி என்பார். நாம் முதன்முதலாக அவரிடம் கற்றது மரத்தை வெட்டுவதன்று, கல்லில் தீட்டுவதே. மூன்று மாதம் வரை வேறொன்றும் தொடவிடவில்லை. கல்லூரியிலே தச்சுவேலை படித்தோம் என்று நாம் சொல்லிய பெருமையெல்லாம் அக்கல்லிலேயே கரைந்து போயிற்று. உளியின் பின்பக்கம் கண்ணாடிபோலத் தட்டையாயிருத்தல் வேண்டும். முன்பக்கச் சரிவு ஒரே சாய்வாய் இருத்தல் வேண்டும். இரண்டும் கூடுமிடத்தில் எழும் பிசிர் நீங்குதல் வேண்டும். கூர் பார்ப்பதற்கு அவர் கட்டைவிரல் நகத்தின் மேல் அலகை மெல்ல வைப்பார். வழுக்கினால், “இன்னுங் கொஞ்சம்” என்று திருப்பிக் கொடுப்பார். நகத்தில் கடித்து நின்றால் ஒன்றும் சொல்லாமல் வேலையில் இறங்கிவிடுவார்.

1964 ஆம் ஆண்டிலே இலங்கை இந்தியப் பிரதமர்களுக்கிடையே செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி, மலையகத்துத் தமிழர் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட செய்தி வாசகர் அறிந்ததே. ஆசாரியாருக்கும் 1972 இல் அந்த முறை வந்தது. புகையிரத நிலையத்திலே, தலைமன்னாருக்குப் போவதற்கு மூட்டைகளோடு காத்திருந்த கூட்டத்தினிடையே, அவர் எம் கையில் முக்கால் அங்குல உளியொன்றை வைத்தார். “இது தோட்டத்துச் சாமான் இல்ல வாத்தியாரையா, என் காசுல வாங்குனது” என்றார். அது இன்றும் எம்மிடம் இருக்கின்றது.

அக்காலத்தில் நாட்டிலே இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது. ஒரு நல்ல அரம் வாங்குவதும் அரிது. கருவிகள் பழையவையாகவே கை மாறின. 1977 இன் பின் கதவு திறந்தது. கடைகளிலே பொருள்கள் குவிந்தன. 1979 ஆம் ஆண்டிலே நாம் எமது பாடசாலையில் மாலைநேரத் தச்சுவேலைக் குழு ஒன்றைத் தொடங்கினோம். அதில் சேர்ந்த பதினொரு மாணவருள் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் கைத்திறனில் ஏனையோரிலும் மேம்பட்டு நின்றான். தந்தை தொழிற்சாலையில் கூலி. கருவி வாங்க வழியில்லை. நாம் அட்டனுக்குப் போயிருந்தபோது கடையொன்றிலே ஆறு உளிகள் அடங்கிய பெட்டி ஒன்றைக் கண்டோம். சிவப்புப் பிடி, பூண் போட்ட தலை, கண்ணைப் பறிக்கும் முலாம். விலையோ ஒரு ஷெபீல்ட் உளிக்குக் கொடுக்க வேண்டியதில் பாதி. மனமகிழ்ந்து வாங்கி வந்து, அச்சிறுவனுக்குப் பரிசாகக் கொடுத்தோம். கொடுத்தபோது அவன் முகம் மலர்ந்ததை நினைக்குந்தோறும் எமக்கு நாணமாயிருக்கின்றது.

மூன்றாம் வாரம் அவன் யூக்கலிப்டசுச் சட்டமொன்றிலே கழுந்துக்குத் துளை வெட்டிக்கொண்டிருந்தான். அம்மரம் கடினமானது; அதன் இழைகளும் ஒன்றன்மேலொன்று பின்னி எதிரெதிராய் ஓடுவன. உளி மழுங்கிவிட்டது. மழுங்கிய உளி மரத்தில் இறங்காது. இறங்காத உளியை நாம் வலிந்து தள்ளுவோம். வலிந்து தள்ளப்பட்டது எங்கே போகுமென்று சொல்ல இயலாது. அது அவனுடைய இடக்கைச் சுட்டுவிரலுக்குப் போயிற்று. காயம் ஆறியது, ஆனால் உள்ளே நரம்பறுந்து போனமையால் அவ்விரல் அதன்பின் மடங்கவேயில்லை. அவன் தச்சுவேலையை விட்டுவிட்டான். பள்ளியையும் அடுத்த ஆண்டில் விட்டு, கவ்வாத்து வேலைக்குப் போய்விட்டான்.

நாம் அந்த ஆறு உளிகளையும் எடுத்துப் பார்த்தோம். முலாத்துக்குக் கீழே இருந்தது மென்மையான இரும்பு. அதே யூக்கலிப்டசில் ஆசாரியாரின் உளியால் நான்கு துளை வெட்டினோம். கூர் தாழ்ந்ததேயன்றிப் போய்விடவில்லை. புதிய உளியோ ஒரு துளை முடியுமுன்னரே முனை மடிந்தது. மனம் பொறாது கோபங்கொண்டு, அக்கடையையும் அப்பொருளையும் பழித்து ஆசாரியாருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினோம். அவர் அப்போது நீலகிரியில் கோத்தகிரிக்கருகே குடியேறியிருந்தார். பிறர் கையால் எழுதுவித்த அவருடைய மறுமொழி நான்கு வரி. நலம் விசாரித்து, பிள்ளையின் விரலுக்கு வருந்தி, இறுதியில் ஒரு கேள்வி வைத்திருந்தார்: “கல்லும் வாங்கிக் கொடுத்தீங்களா ஐயா?”

நாம் கொடுக்கவில்லை. தீட்டுவதற்கும் அவனுக்கு ஒரு கிழமைக்கு மேல் கற்றுக் கொடுத்தோமில்லை. ஆசாரியார் எம்மை மூன்று மாதம் கல்லோடு கட்டி வைத்திருந்தார். நாமோ சிறுவர் சலிப்படைவரென்று எண்ணி இரண்டாம் வாரமே மரத்தைத் தொடவிட்டோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை எம்மையே குறித்தது போலும்.

எனினும் இரும்பு மெலிந்ததாயிருந்ததும் பொய்யன்று. குற்றம் இரு பாலும் இருந்தது என்பதை அறிந்த பின்னரே, விலை என்பது எதற்குக் கொடுக்கப்படுவது என்று நாம் நிதானமாக ஆராயத் தலைப்பட்டோம்.

உளியின் உயிர் உருக்கு. இரும்பில் நூற்றுக்கு ஒரு பங்களவு கரி சேர்ந்தால் அது உருக்காகிக் கடினமடையத் தகுதி பெறுகின்றது. சிவக்கக் காய்ச்சித் திடீரெனக் குளிர்விக்கக் கண்ணாடிபோல் கடினமாகும்; அந்நிலையில் அடித்தால் நொறுங்கும். ஆதலின் மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தி, நொறுங்காத அளவுக்கு இளக்க வேண்டும். இவ்விரண்டு சூட்டையும் சரிவர நிறுத்துவதிலேதான் நல்ல உளிக்கும் தீய உளிக்கும் வேறுபாடு பிறக்கின்றது. ஆணி அடிக்கும் சுத்தியலில் இவ்வேறுபாடு பெரிதாய்த் தோன்றாது; மயிரிழை முனையை மரத்துள் செலுத்தும் கருவியிலோ எல்லாம் அதுவே.

ஷெபீல்ட் நகரத்துக்கு இப்புகழ் வந்த வரலாறு சுவையானது. 1740 களிலே பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், தமது கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒரே சீரான உருக்குக் கிடையாமையால், களிமண் மூசையிலே உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அந்நகரத்துக் கத்தித் தொழிலாளரோ அது மிகக் கடினமானதென்று முதலில் ஏற்க மறுத்தனராம். ஆனால் மூசையிலே உருக்குச் செய்தல் எம்மவர்க்குப் புதிதன்று. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் மூசையுருக்குச் செய்தமைக்குச் சான்றுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ‘ஊட்ஸ்’ என்று ஐரோப்பியர் வழங்கிய தென்னாட்டு உருக்கை, கொல்லர் மகனாய்ப் பிறந்த விஞ்ஞானி மைக்கேல் பரடே 1819 ஆம் ஆண்டளவிலே ஆராய்ந்து, அதனைப் போலச் செய்ய முயன்றார். அச்சொல்லே ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் எம் மொழிகளின் சொற்களிலிருந்து திரிந்ததெனக் கூறுவர்.

எமது மலைநாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. மத்திய மலைத்தொடரின் தென்சரிவிலே சமனலவெவ என்னுமிடத்தில், மேற்கு நோக்கிய மேட்டு விளிம்புகளில் வரிசையாய் அமைந்த பழைய இரும்பு உலைகளை ஜில் ஜூலெப் என்னும் தொல்லியலறிஞர் கண்டார். துருத்தி ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே உலைவாயில் ஏற்று எரிந்தவை அவை. 1994 இல் அத்தகைய உலையொன்றைக் கட்டி எரித்துப் பார்த்தபோது, கரிச்சத்து மிகுந்த உருக்கு அதிலிருந்து கிடைத்தது. அவ்வாராய்ச்சி 1996 இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்து உலகின் கருத்தைக் கவர்ந்தது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் அவ்வுலைகளை மூட்டிய அதே காற்றுத்தான் ஆனி ஆடி மாதங்களில் எமது வீட்டுத் தகரங்களைப் பிய்க்கின்றது. உருக்கின் தாயகத்திலிருந்துகொண்டு நாம் முலாம் பூசிய மெல்லிரும்பை வாங்கினோம் என்பதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது.

இனி இளைஞன் காட்டிய சீவுளிக்கு வருவோம். இன்று உலகெங்கும் வழங்கும் இரும்புச் சீவுளி, லியோனாட் பெய்லி என்னும் அமெரிக்கர் 1860 களிலே அமைத்த வடிவத்தைப் பின்பற்றியது. அவருடைய உரிமைகளை 1869 இல் ஸ்டான்லி நிறுவனத்தார் வாங்கினர். விலையுயர்ந்த புதுச் சீவுளிகளைச் செய்வோருள் இன்று பேர்பெற்றவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1981 இல் தொடங்கிய லீ நீல்சன் நிறுவனத்தாரும், கனடாவின் வெரிற்றாசு என்னும் பெயரில் விற்போரும் ஆவர். அவை உண்மையிலேயே சிறந்தவை. அதில் எமக்கு ஐயமில்லை. கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பெட்டியிலிருந்து அவற்றுள் ஒன்றை எடுத்து, அலகை ஒருமுறை கல்லில் காட்டி, உடனே கிரவில்லியாப் பலகையில் ஓட்டியதை நாம் கண்டோம். கிரவில்லியா எமது தேயிலைக்கு நிழல் தரும் மரம். சிங்களத்திலே சபுக்கு என்பர். அதனை ஆரவாட்டத்தில் அறுத்தால் பட்டுப்போல மின்னும் பூவேலை தோன்றும். ஆனால் கூர் குறைந்த சீவுளி அப்பூக்களையே பிய்த்தெறிந்துவிடும். அன்று ஒரு பூவும் கிழியவில்லை.

மலிவான சீவுளியில் குறை யாது? வடிவம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் மலிவானதன் அடித்தளம் தட்டையாயிராது. அலகு சாய்ந்திருக்கும் தாங்கி ஆடும். அலகின் மேல் அமரும் மேலலகு இடைவெளியின்றிப் பொருந்தாது. அவ்விடைவெளியிலே சீவல் புகுந்து அடைக்கும். இவை யாவும் கையால் திருத்தக் கூடியவையே. தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் மணற்கடதாசியை ஒட்டி, அடித்தளத்தை அதன்மேல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தாங்கியை அரத்தால் சமன் செய்ய வேண்டும். அறிந்தவனுக்கு இரண்டு நாள் வேலை. ஆக, உயர்ந்த சீவுளிக்கு நாம் மிகுதியாகக் கொடுப்பதில் ஒரு பங்கு உருக்குக்கு. பெரும்பங்கு அவ்விரு நாள் வேலையை வேறொருவர் எமக்காகச் செய்ததற்குரிய கூலி. கைத்திறன் அற்று, காசும் ஆசையும் மிக்க எம்போன்ற ஓய்வு பெற்றவர்க்கு அக்கூலி தகும். திறமுள்ள இளைஞனுக்கு அது தகுமா என்பதே கேள்வி.

அவன் காட்டிய வகைச் சீவுளி முந்நூறு டொலருக்குக் குறையாது. 2022 ஆம் ஆண்டிலே எமது ரூபா வீழ்ந்தபோது டொலரொன்று ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து சில மாதங்களுள் முந்நூற்றறுபதுக்குப் போயிற்று. பின்னர் முந்நூறளவில் நின்றது. ஆகவே அச்சீவுளி, வரியும் கப்பற்கூலியும் சேராமலே, தொண்ணூறாயிரம் ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் அது அறுபத்தேழு நாட் கொழுந்து. அவனுடைய தாயார் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்து என்பதை நாம் அவனுக்குச் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும்.

ஆனால் இதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மெல்லிய உளியைக் கொண்டு வேலை செய்பவன் நாளுக்கு எட்டு முறை கல்லுக்குப் போகிறான் என்க. நல்ல உளியுடையவன் இரு முறை போகிறான். முறைக்குப் பத்து நிமிடமாயினும் ஒரு மணி நேரம் வேறுபாடு. எட்டு மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் அதே நாட்சம்பளக் கணக்கில் ஏறத்தாழ 169 ரூபா. மாதம் இருபத்தைந்து நாளைக்கு நான்காயிரத்துக்கு மேல். மலிவான உளியின் விலையை அவன் மாதந்தோறும் திரும்பத் திரும்பச் செலுத்துகிறான், கடைக்காரருக்கன்றி, கல்லுக்கு. ஆதலின் உளி விடயத்தில் மலிவு நாடுவது ஏழைக்குக் கட்டாது என்பதே எமது துணிபு. மெல்லிய உளியொன்றே கையிலிருப்பின், அதன் சரிவை இருபத்தைந்து பாகையில் வையாது முப்பதுக்கும் மேலே உயர்த்தித் தீட்டினால் முனை சற்று நீடிக்கும். இதுவும் ஆசாரியார் சொன்னதே.

வாள் விடயம் வேறு. இப்போது கடையிற் கிடைக்கும் மலிவான கைவாள்களின் பற்களின் நுனி நீலங்கறுத்திருப்பதை வாசகர் கண்டிருப்பர். அப்பற்கள் மட்டும் மின்வெப்பத்தால் கடினமாக்கப்பட்டவை. அவை நெடுங்காலம் கூராயிருக்கும். அரமும் அவற்றில் ஏறாது. மழுங்கினால் எறிய வேண்டியதே. ஆசாரியாருடைய வாளோ முக்கோண அரத்தால் பல்லொன்றுக்கு இரண்டு இழுப்பாக ஆயுள் முழுவதும் தீட்டப்பட்டது. எறியும் வாளை நாம் வெறுப்பவர். ஆயினும் அரம் பிடிக்க நேரமில்லாத பட்டறைக்கு அது மோசமான வாங்கலன்று என்பதை மனமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

மூலைமட்டம் வாங்கும்போது விலையைப் பாராமல் ஒரு பலகையின் நேர்விளிம்பில் வைத்துக் கோடு ஒன்றிழுத்து, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியில் மறுகோடிழுத்தல் வேண்டும். இரு கோடும் ஒன்றாய்ப் படிந்தால் எத்துணை மலிவாயினும் அது நல்லதே. பற்றுக்கருவிகள், சுத்தியல், கொட்டாப்புளி ஆகியவற்றுக்குப் பெருவிலை கொடுப்பது வீண். கொட்டாப்புளியை வாங்குபவன் தச்சனே அல்லன். அது கையால் செய்து கொள்வது.

இன்னொன்று. கடல்மட்டத்துக்கு 1,200 மீற்றர் உயரத்திலே, ஆண்டில் பாதி மூடுபனியிலும் மழையிலும் கழியும் ஊரில், எந்த உருக்கும் ஓரிரவில் துருவேறும். யப்பானியத் தச்சர் தம் உளிகளுக்குக் கமேலியா விதையெண்ணெய் பூசுவர். தேயிலையும் கமேலியாக் குடும்பமே. அச்செடியின் இனத்தையே மலை மலையாக நட்டு வைத்துக்கொண்டு, கருவிக்குத் தையல் இயந்திர எண்ணெயைக் கடையில் வாங்குவது எம் வழக்கம்.

இவற்றையெல்லாம் அவ்விளைஞனுக்கு அன்று மாலை சொன்னோம். வயதானவர்க்குரிய நீட்சியோடுதான் சொன்னோம். அவன் பொறுமையாய்க் கேட்டான். ஒரு நல்ல உளி மூன்று உளிக்குச் சமம் என்றும், அகலம் மூன்று போதுமென்றும், மொரட்டுவையிலே பழைய ஷெபீல்ட் உளிகள் கிடைக்குமாயின் அவற்றின் பின்பக்கத்தில் துரு குழி விழாதிருப்பதைப் பார்த்து வாங்கலாமென்றும், சீவுளியை மலிவானதாகவே வாங்கி எமது விறாந்தையில் வைத்துத் திருத்தலாமென்றும், மிச்சப் பணத்தில் இரண்டு கற்களும் மின்சாரத் துரப்பணமும் வாங்க வேண்டுமென்றும் கூறினோம். மின்சார இயந்திரங்களைப் பற்றி அவன் எம்மிலும் நன்கறிந்தவன்; அதில் நாம் வாய் திறக்கவில்லை.

“அப்பா உங்களிட்ட ஒண்டு கேட்கச் சொன்னார், சேர்” என்றான் எழும்போது. “தீட்டுறதை நீங்களே காட்டிக் குடுப்பீங்களாம் எண்டு.”

நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பின் வந்த கேள்வி அது. நாம் தலையசைத்தோம், பேச்சு வரவில்லை.

புரட்டாதியிலே அவன் வந்தான். உளிகள் மூன்று, இரண்டு பழைய ஷெபீல்ட், ஒன்று புதிது. பத்தாயிரம் ரூபாவுக்குள் வாங்கிய இந்தியச் சீவுளி ஒன்று. விறாந்தையில் கண்ணாடித் தகட்டை வைத்து, மணற்கடதாசியை ஒட்டித் தேய்க்கத் தொடங்கினான். முதல் நாள் முழுவதும் அடித்தளத்தின் நடுவிலே கருமை மாறவில்லை; நடுவில் குழிவு என்று அதற்குப் பொருள். இரண்டாம் நாள் மாலையில் கருமை ஒரு காசளவுக்குச் சுருங்கிற்று. அது போதுமென்றோம். அலகைக் கல்லில் வைத்த போது பின்னேரம் ஐந்து மணி, மழை பிடித்துக்கொண்டது.

அவனுடைய தந்தை அப்போதுதான் வந்தான். அறுபதைக் கடந்து, தலை நரைத்து, கையில் குடையோடு நின்றான். எம்மைக் கண்டு “சேர்” என்று கும்பிட்டான். இடக்கைச் சுட்டுவிரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் நீண்டு நின்றது. நாம் நாற்காலி கொடுத்தோம். அவன் படியிலேயே அமர்ந்துகொண்டான். மகன் தீட்டிய அலகை அவன் கையில் கொடுத்தான். தந்தை அதனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பின்னர், யாரும் அவனுக்குச் சொல்லாமலே, கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்தான். அப்பழக்கத்தை 1979 இல் அந்த ஒரு கிழமையிலே நாம் அவனுக்குக் காட்டியிருந்தோம் என்பது எமக்கு அப்போதே நினைவுக்கு வந்தது.

அலகு வழுக்கியது.

“இன்னுங் கொஞ்சம்” என்று மகனிடம் திருப்பிக் கொடுத்தான். அவன் மீண்டும் கல்லில் நீர் தெளித்தான்.